ஊரை விட்டு நீங்காத தூரிகை – ஜோன் கொன்ஸ்டபிள்



வகுப்பில் இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள் என்றால், நம் பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு என்றுதான் வரைகிறார்கள். மலையே தெரியாத ஊரில் இருந்துகொண்டும் மலைதான் வரைகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அழகு எங்கோ தூரத்தில்தான் இருக்கிறது என்று நாமே பழக்கிவிட்டோமோ? ஆகவே இன்று, வீட்டுப்பக்கத்து ஆற்றை விடாமல் வரைந்த ஓர் ஆங்கில ஓவியரைப் பற்றிப் பேசுவோம்.

ஜோன் கொன்ஸ்டபிள் 1776 ஜூன் 11 இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில் பிறந்தார். வாப்பா தானிய வியாபாரி. ஸ்டூர் ஆற்றங்கரையில் ஃப்ளட்ஃபோர்ட் என்ற இடத்தில் தண்ணீரால் சுழலும் மாவாலை அவருக்குச் சொந்தம். மகன் தொழிலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நம் வீடுகளிலும் கேட்ட பேச்சுத்தான். மகன் கொஞ்சக் காலம் ஆலையில் நின்றும் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. 1799 இல் வாப்பாவின் சம்மதத்தோடு லண்டன் ரோயல் அகடமியில் ஓவியம் படிக்கப் போனார். தொழிலைப் பின்னர் தம்பி பொறுப்பேற்றார்.

1802 இல் இராணுவக் கல்லூரி ஒன்றில் சித்திர ஆசிரியர் வேலை தேடி வந்தது. நிலையான சம்பளம். வேண்டாம் என்றுவிட்டார். ஆசிரியர்களான நமக்கு இதை வாசிக்கும்போது சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பழைய வரலாற்றுக் கதைகளை வரைந்தவர்களுக்கே பெரிய மதிப்பு. வயல், வண்டி, மதகு, சேற்றுக் கரை இவற்றையெல்லாம் யார் காசு கொடுத்து வாங்குவார்? அவர் காதலித்த மரியா பிக்னெல்லின் குடும்பம், வருமானமில்லாத ஓவியனுக்குப் பெண் கொடுக்க மறுத்தது. பெண்ணின் பாட்டனார் அந்த ஊர்த் தேவாலயத்தின் குருவானவர், அவர்தான் முன்னின்று எதிர்த்தவர். ஏழு ஆண்டுகள் காத்திருந்து, 1816 இல் தம் 40 ஆவது வயதில்தான் கொன்ஸ்டபிள் மணம் முடித்தார்.

இன்று உலகமே அறிந்த 'வைக்கோல் வண்டி' ஓவியத்தை 1821 இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். ஆலைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத ஆற்றில் ஒரு வண்டி நிற்கிறது, அவ்வளவுதான். லண்டனில் விலைபோகவில்லை. 1824 இல் ஒரு வியாபாரி அதை வாங்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அங்கே பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்ள்ஸின் தங்கப் பதக்கம் கிடைத்தது! இளம் பிரெஞ்சு ஓவியர்கள் அதன் ஈரத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து அசந்துபோனார்கள்.

அந்த வெளிச்சம் சும்மா வந்ததல்ல. லண்டனுக்கு அருகில் ஹெம்ஸ்டெட் மேட்டில் நின்று 1821, 1822 ஆண்டுகளில் மேகங்களை மட்டும் தனியாகப் பல படங்களாக வரைந்தார். பின்பக்கத்தில் திகதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் குறித்துவைத்தார். விஞ்ஞானப் பாடத்தில் அவதானிப்புக் குறிப்பு எழுதுங்கள் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆனால் சொந்த நாடு தாமதித்தது. அவரைவிட ஒரு வயது மூத்தவரான டர்னர், 1802 இல் தம் 26 வயதிலேயே ரோயல் அகடமியின் முழு உறுப்பினராகிவிட்டார். கொன்ஸ்டபிளுக்கு அது 1829 இல், 52 வயதில், ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1828 நவம்பரில், ஏழு பிள்ளைகளை விட்டுவிட்டு மரியா காசநோயில் இறந்திருந்தார். மகிழ்ச்சியைப் பகிர ஆளில்லாத நேரத்தில் இது வந்ததே என்பதுதான் அவருக்கு வேதனை.

1837 மார்ச் 31 இல் அவர் காலமானார். அன்று விலைபோகாத 'வைக்கோல் வண்டி' இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்குகிறது.

உறவுகளே, நம் வீட்டிலும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் வரைகிற ஒரு பிள்ளை இருக்கலாம். ஏசுவதற்கு முன் ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று இன்றைக்கே சொல்லிவிடுவோம்.