பரீட்சைக் காலமும் சக்தி பானங்களும்: எமது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களிலும் பல்கலைக்கழகப் பருவப் பரீட்சைக் காலங்களிலும் ரியூசன் நிலையங்கள், விடுதிகள், வாடகை அறைகளின் குப்பைக் கூடைகளில் சக்தி பானங்களின் வெற்றுப் பேணிகள் கூடிக்கொண்டு போவதை நான் சில ஆண்டுகளாகவே கவனித்து வருகின்றேன். உயிரியல் படிப்பிப்பவன் என்பதால் மாணவர்களிடம் இதைப் பற்றிக் கேட்பதுண்டு. "நித்திரை வராமல் இருக்கத்தான் சேர்" என்பதே அநேகமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பேணிக்குள் என்ன இருக்கின்றது என்று கேட்டால் பதில் வருவதில்லை. பெற்றோரில் பலர் இதனைச் சோடா வகை என்றே நினைக்கின்றார்கள்.

இப்பானங்களின் கதை ஆசியாவிலேயே தொடங்குகின்றது. யப்பானில் 1962 இல் லிப்போவிற்றன் டி என்ற சிறு போத்தல் பானம் விற்பனைக்கு வந்தது. பின்னர் தாய்லாந்தில் லொறிச் சாரதிகளும் கூலித் தொழிலாளர்களும் இரவு வேலைக்காகக் குடித்த கிராத்திங் டெங் என்ற பானத்தை ஒஸ்திரிய வர்த்தகர் ஒருவர் கண்டு, அதனை மாற்றியமைத்து 1987 இல் ரெட் புல் என்ற பெயரில் தனது நாட்டில் அறிமுகப்படுத்தினார். உடல் உழைப்பாளியின் பானம் விளையாட்டு வீரனின் படத்தோடு மாணவனின் மேசைக்கு வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

250 மில்லிலீற்றர் கொண்ட சாதாரண பேணி ஒன்றில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீனும் 27 கிராம் சீனியும் உண்டு. 27 கிராம் என்பது ஆறு ஏழு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராம் அளவோடு சீனியை நிறுத்திக்கொள்வது நல்லது என்கின்றது. பேணியில் பெரிதாகப் போடப்படும் டோரின் என்ற பெயரைப் பார்த்து மருந்து என நினைப்பவர்களும் உள்ளனர். அது எமது உடலே தயாரித்துக்கொள்ளும் ஒரு பொருள். 1827 இல் எருதின் பித்தநீரில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. விழித்திருக்க வைப்பது பெரும்பாலும் கஃபீன்தான்.

அப்படியானால் வீட்டில் குடிக்கும் தேநீரும் கோப்பியும் மட்டும் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கோப்பைச் சாயத் தேநீரில் ஏறக்குறைய 50 மில்லிகிராமும், வடித்த கோப்பியில் 90 மில்லிகிராமும் கஃபீன் இருக்கின்றது. ஆகவே ஒரு சிறிய பேணியை நஞ்சு என்று பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் அதனை நம்பப் போவதும் இல்லை. வித்தியாசம் குடிக்கும் முறையில் இருக்கின்றது. சூடான கோப்பியை ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். குளிரூட்டிய இனிப்புப் பானம் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும், அடுத்ததும் அப்படியே. 500 மில்லிலீற்றர் கொண்ட பெரிய பேணிகளில் சில 160 மில்லிகிராம் கஃபீன் கொண்டவை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவர் ஒரே தடவையில் 200 மில்லிகிராமையும் ஒரு நாளில் 400 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200. சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள சாதாரணதர மாணவனுக்கு இது 150 மில்லிகிராம் ஆகும். ஒரு பெரிய பேணியே அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றது.

கஃபீன் சக்தி எதனையும் தருவதில்லை என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதுண்டு. நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கின்றது. அது தனக்குரிய வாங்கிகளில் போய் ஒட்டும்போது களைப்பும் நித்திரையும் தெரிகின்றன. கஃபீன் அந்த இடங்களை மறித்து உட்கார்ந்துகொள்கின்றது. களைப்பு போவதில்லை, களைப்பின் செய்தி மட்டும் தடுக்கப்படுகின்றது. கஃபீன் விலகியதும் சேர்ந்திருந்த அவ்வளவும் ஒன்றாக வந்து இறங்கும். காலையில் பரீட்சை மண்டபத்தில் தலை கவிழ்ந்து போவது இதனால்தான்.

உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேற சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கும். இரவு பத்து மணிக்கு இரண்டு பேணி குடித்தவன் மூன்று மணிக்குப் படுக்கும்போது ஒரு முழுப் பேணியின் கஃபீன் இன்னும் உடலில் இருக்கும். படுக்கைக்கு ஆறு மணித்தியாலம் முன்னர் எடுத்த 400 மில்லிகிராம் கஃபீன்கூட நித்திரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைத்துவிட்டதை 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. படித்தவை நினைவில் பதிவதும் நித்திரையின்போதுதான். விடிய விடியப் படித்துவிட்டு அதனைப் பதியவிடாமல் தடுப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்குவதில்லை.

எமது பிள்ளைகளின் விடயத்தில் இதற்கு வேறொரு பக்கமும் இருக்கின்றது. 2009 இல் பதுங்குகுழிக்குள் தாயின் மடியில் கிடந்த பிள்ளைகள்தான் இன்று பல்கலைக்கழகம் போகின்றார்கள். இரவில் திடுக்கிட்டு எழும்புவதும், சத்தத்துக்கு நெஞ்சு அடிப்பதும் அவர்களில் சிலருக்குப் புதிதல்ல. நித்திரை வராத தகப்பனும், காணாமல் போன பிள்ளையை நினைத்து விழித்திருக்கும் தாயும் உள்ள வீடுகளில் வளர்ந்தவர்களும் அவர்களில் இருக்கின்றார்கள். கஃபீன் கூடினால் வரும் படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டுதல், காரணமற்ற பயம் ஆகியன மனக்காயத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். பதகளிப்பு நோய் உள்ளவரில் அதனை மேலும் தூண்டியும் விடும். எது பேணியால் வந்தது, எது உள்ளே இருந்து வந்தது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் போய்விடுகின்றது. தான் படிக்கத் தகுதியில்லாதவன் என்ற முடிவுக்கு வருபவர்களும் உண்டு.

ஷெல் வீச்சில் தலையில் காயப்பட்டு வலிப்பு நோயோடு வாழ்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓர் இரவு நித்திரை கெடுவதே வலிப்பைக் கொண்டுவரப் போதுமானது. இருதய நோய், உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இப்பானங்களைத் தொடக்கூடாது.

விளையாட்டு மைதானங்களில் வேறொரு குழப்பம். வெயிலில் உதைபந்து ஆடிவிட்டு வரும் பையன்கள் தாகத்துக்குச் சக்தி பானத்தைக் குடிக்கின்றார்கள். வியர்வையால் இழந்த நீருக்கும் உப்புக்கும் அது ஈடல்ல. தண்ணீர், இளநீர், தேவையென்றால் பாமசியில் கிடைக்கும் ஜீவனி போதும். மதுவோடு கலந்து குடிப்பது எல்லாவற்றிலும் மோசமானது. வெறியின் களைப்பு தெரியாததால் இன்னும் குடிப்பார்கள், மோட்டார் சைக்கிளும் ஓட்டுவார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 இல் கஃபீன் கலந்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது இதனால்தான்.

இலங்கையில் 2016 ஆகஸ்டில் இருந்து மென்பானங்களின் மேல் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. இது சீனியைப் பற்றி மட்டுமே பேசுகின்றது. சீனியற்ற சக்தி பானத்தில் பச்சை நிறத்தைக் கண்டு பாதுகாப்பானது என்று இரண்டு மூன்றாகக் குடிப்பவர்கள், கஃபீன் அதே அளவில்தான் இருக்கின்றது என்பதைக் கவனிப்பதில்லை. பேணியின் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களை வாசிக்கத்தான் வேண்டும். லித்துவேனியா 2014 இலும், லத்வியா 2016 இலும், போலந்து 2024 இலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இவற்றை விற்பதைத் தடைசெய்துவிட்டன. எமது பாடசாலை வாசல் கடைகளை நினைக்கும்போது அதனை இங்கும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

நாளாந்தம் குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் தலையிடியும் எரிச்சலும் தொடங்கும். அது ஒரு வாரம் வரையும் நீடிக்கலாம். ஆகவே பரீட்சைக்கு முதல்நாள் நிறுத்த முயல வேண்டாம். முன்னதாகவே, சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைத்து வருவது சுலபம். மத்தியானத்துக்குப் பிறகு கஃபீனைத் தவிர்த்து, பின்னேரத்தில் இருபது நிமிடம் கண்ணயர்ந்து எழும்பிப் படித்துப் பாருங்கள். என் மாணவர்களில் சிலருக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

நெஞ்சுநோ, மயக்கம், வலிப்பு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஏற்பட்டால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நித்திரையின்மையும் பயமும் பேணியை விட்ட பிறகும் தொடர்ந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 உடன் பேசலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளுக்கும் போகலாம்.