உடுக்கை சொன்ன வரலாறு



ஹவாய்த் தீவுப் பெண்கள் ஹுலா ஆடும் காணொளி ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் எனக்கு அனுப்பி, "சார், இந்த மாதிரி நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

19ஆம் நூற்றாண்டு வரை ஹவாய் மக்களிடம் எழுத்து கிடையாது. அரச வம்சம், கடல் பயணம், தெய்வக் கதை எல்லாம் பாட்டிலும் ஆட்டத்திலும்தான் இருந்தன. பாதிரியார்களின் செல்வாக்கால் 1830இல் காஹுமானு அரசி பொது இடங்களில் ஹுலா ஆடத் தடை போட்டார். ஆனாலும் கற்றவர்கள் விடவில்லை. 1883இல் கலாகௌவா அரசர் தம் முடிசூட்டு விழாவில் அதை எல்லோர் முன்னும் ஆட வைத்தார்.

நமக்கு 2000 ஆண்டுகளுக்கு மேலாக எழுத்து இருக்கிறது. ஆனால் கல்வெட்டில் பெரும்பாலும் யார் பெயர் வருகிறது? மன்னர் பெயரும், கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் பெயரும்தான். காடு திருத்தி வயலாக்கிய குடும்பம் பட்ட பாடு எங்கே இருக்கிறது? நம் கொங்குச் சீமையில் அது உடுக்கைப் பாட்டில் இருக்கிறது. அதுதான் அண்ணன்மார் கதை.

கதை உங்களில் பலருக்குத் தெரியும். குன்னுடையானுக்கும் தாமரை நாச்சியாருக்கும் நெடுநாள் பிள்ளை இல்லை. தாமரை கடுந்தவம் இருந்த பிறகு பொன்னரும் சங்கரும் பிறக்கிறார்கள், தங்கை அருக்காணித் தங்கமும் பிறக்கிறாள். பொன்னர் பொறுமைசாலி, சங்கர் கோபக்காரர். உடன் நின்று போரிடும் வீரபாகு சாம்புவன், பறை முழக்கும் குலத்தவன். விளைந்த வயலை அழிக்கும் காட்டுப்பன்றி கொம்பன். அதை எதிர்க்கும் சின்ன நாய்க்குட்டி பொன்னாச்சி. கடைசியில் வேட்டுவரோடு போர்.

இதை ஆண்டுக் கணக்கோடு கூடிய வரலாறாகப் படிக்கக் கூடாது. ஒரு சாதி இன்னொரு சாதியை வென்ற கதையாகவும் படிக்கக் கூடாது. கலப்பை காட்டுக்குள் நுழைந்தபோது உழவனுக்கும் வேட்டைக்காரனுக்கும் மூண்ட பகையின் நினைவு இது என்பது என் கருத்து. இருபக்கமும் அழிந்தது என்றுதான் பாட்டும் அழுகிறது.

பாடும் முறையைக் கவனியுங்கள். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தினால் ஒலி மாறும். அழுகைக்கு ஒரு ஒலி, போருக்கு ஒரு ஒலி. முன்பாட்டுக்காரர் பாடுவார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார். நடுநடுவே வசனம் வரும். அதில் நம் ஊர்ப் பேச்சே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் கதையை மனப்பாடமாகச் சொன்னது இப்படித்தான். படுகளம் கட்டத்தில் ஆட்கள் மயங்கி விழுவார்கள். தங்கமாக நிற்பவர் தீர்த்தம் தெளித்து எழுப்புவார். அங்கே பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை, ஊரே உறவாகி அழும். மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசி மாதம் இன்றும் திருவிழா நடக்கிறது.

1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையைப் பல இரவுகள் பாடச் சொல்லி ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூலை வெளியிட்டார். பிறகு 26 பகுதிகளாக அசைவூட்டப் படமும் வந்தது. கடல் கடந்து வந்தவருக்கு இது காப்பியமாகத் தெரிந்தது. நமக்கோ அது "பழைய காலத்துப் பாட்டு".

பதிவு இருப்பதால் கலை பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒலிநாடா கதையைக் காக்கும், பாடுகிறவரைக் காக்காது. இப்போது திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குகிறோம். உடுக்கைப் பாட்டுக்காரருக்கு வேட்டி துண்டும் வழிச்செலவும் கொடுத்து அனுப்புகிறோம். அவர் மகன் ஏன் இந்தத் தொழிலுக்கு வருவான்? வரவில்லை என்று அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் பலர் இன்று ஊர்த் திருவிழாக் குழுவில் இருக்கிறீர்கள். வரும் நோம்பிக்கு ஓர் இரவையாவது இந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள். கச்சேரிக்காரருக்குக் கொடுக்கும் மரியாதையையும் கூலியையும் இவருக்கும் கொடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தூங்கினால் தூங்கட்டும், உடுக்கைச் சத்தம் காதில் விழுந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்