ஹேண்டில், கயிறு, பெல்ட்: காரோட மூணு பழைய கதை

நம்ம காருக்குள்ள இருக்கிற பல சாமான்களுக்குப் பின்னால யாரோ ஒருத்தரோட எலும்பு இருக்குங்க. சாவி போடுற ஓட்டை, தோள் மேல வர்ற பெல்ட், பம்பர்ல திருகி மாட்டுற இரும்பு வளையம், இதெல்லாம் யாரோ அடிபட்ட பிறகு "இனிமே இப்படி ஆகக் கூடாது"ன்னு யோசிச்சு வெச்சது. அந்தக் கதை தெரியாததால நாம அதைத் தொந்தரவா நினைக்கிறோம். எங்க ஊர்ல இப்போ மாட்டு வண்டி நிக்கிற வாசலை விட கார் நிக்கிற வாசல்தான் அதிகம். அதனால இந்த வரலாற்றை ஒரு தடவை எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

கிளப்புற கதை

ஆயில் இன்ஜின் வெச்சுத் தண்ணி இறைச்ச பழைய ஆளுங்களுக்கு ஹேண்டிலைப் பத்திச் சொல்லவே வேண்டாம். லிவரைத் தூக்கி விட்டு, ஹேண்டிலை வேகமாச் சுத்தி, சக்கரம் ஓட்டம் பிடிச்சதும் லிவரை விடணும். ஹேண்டில் சரியா கழண்டு வரலைன்னா அது சுத்துற வேகத்துல பல்லு போகும், இல்லைன்னா கை போகும். எங்க அப்பாரு புதுசா வர்ற ஆளுங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது இன்ஜினைப் பத்தி இல்லீங்க, கட்டை விரலைப் பத்தி. "கட்டை விரலை மடக்கிப் புடிக்காத, நாலு விரலோட சேர்த்து வெய்யி"ம்பார்.

அந்தப் பாடம் அவர் கண்டுபிடிச்சது இல்ல. நூறு வருசத்துக்கு முன்னால உலகம் பூரா கார் ஓட்டினவங்க படிச்ச பாடம் அது. ஆரம்ப காலத்துக் காருக்கெல்லாம் முன்னால ஹேண்டில்தான். தீப்பொறி விழற நேரத்தைக் கொஞ்சம் முன்னப் பின்ன மாத்துறதுக்கு ஸ்டியரிங் பக்கத்துல ஒரு லிவர் இருக்கும். ஃபோர்டோட மாடல் டி காருல அது இடது பக்கம். ஹேண்டில் சுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பொறியைத் தாமதப்படுத்தி வெக்கணும். மறந்துட்டா, பிஸ்டன் மேல வந்து முடியறதுக்குள்ள உள்ள வெடிச்சு, இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். அந்த உதை ஹேண்டில் வழியா நேரா மணிக்கட்டுக்கு வரும். அதனாலதான் ஹேண்டிலைக் கீழிருந்து மேல இழுக்கணும், மேலிருந்து அழுத்தக் கூடாது, இடது கையால சுத்தணும்னெல்லாம் விதி வெச்சிருந்தாங்க. மணிக்கட்டுகிட்ட ஒரு குறிப்பிட்ட இடத்துல எலும்பு முறிஞ்சா எலும்பு டாக்டர்கள் இன்னைக்கும் அதை 'சோஃபர் ஃப்ராக்சர்'னு சொல்றாங்க, அதாவது டிரைவர் முறிவு. ஹேண்டில் போயிடுச்சு, முறிவோட பேர் மட்டும் நிக்குது.

இதுக்கு முடிவு கட்டினவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து டேட்டன் ஊர்க்காரர். அவர் அதுக்கு முன்னால கடைகள்ல காசு வாங்கிப் போடுற இயந்திரத்துக்குச் சின்ன மின்சார மோட்டார் செஞ்சு கொடுத்தவர். அந்த மோட்டார் நாள் பூரா ஓட வேண்டியதில்ல, ஒரு நொடி பலமா உழைச்சாப் போதும். அதே யோசனையைக் காருக்குக் கொண்டு வந்தார். 1912 மாடல் காடிலாக் கார்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. மாடல் டி-க்கு அது 1919-லதான் கிடைச்சது. அதுக்குப் பிறகும் ஹேண்டில் உடனே ஒழியலைங்க. நம்ம நாட்டுல பழைய ஜீப்புலயும் அம்பாசடர்லயும், பேட்டரி இறங்கினா இருக்கட்டும்னு அந்த இரும்புக் கம்பி டிக்கியில கெடக்கும். ரெண்டாம் உலகப் போர் சமயம் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ, கரி வாயுவுல ஓடின பஸ்ஸுக்குப் பின்னால தொங்குற உருளையில கரியைப் பத்த வெச்சு, காத்தடிக்கிற கைப்பிடியைச் சுத்தி, அப்புறம்தான் வண்டியே கிளம்பும்.

ஹேண்டில் காலத்துல இன்னொரு ஆபத்தும் இருந்தது. கியர்ல நிக்கிற வண்டியை முன்னால நின்னு கிளப்பினா, அது கிளப்பினவர் மேலயே ஏறும். அது பழைய கதைன்னு நினைக்காதீங்க. இன்னைக்கும் நம்ம தோட்டத்துல டிராக்டர் ஸ்டார்ட் ஆகலைன்னா, கீழ நின்னுக்கிட்டே ஸ்டார்ட்டர் மோட்டார் முனையில ஸ்குரூடிரைவர் வெச்சுக் கிளப்புறவங்க இருக்காங்க. அப்படிச் செய்யறப்போ நிக்கிற இடம் எது? பெரிய பின் சக்கரத்துக்கு முன்னால. கிளட்ச்சை மிதிச்சாத்தான், கியர் நியூட்ரல்ல இருந்தாத்தான் கிளம்பணும்னு கம்பெனிக்காரன் வெச்ச தடையை அந்த ஸ்குரூடிரைவர் தாண்டிப் போயிடுது. கியர்ல இருந்தா டிராக்டர் சொல்லிக்காம நகரும், விலக நேரம் இருக்காது. சீட்டுல உக்காந்து, நியூட்ரல் பார்த்து, கிளட்ச் மிதிச்சு, சாவியில கிளப்புங்க. ஆகலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

இழுக்கிற கதை

வண்டி ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே வண்டி நிக்கவும் ஆரம்பிச்சாச்சு. நம்ம ஊர்ல கார் சேத்துல சிக்கினா ஒரு காலத்துல ரெண்டு ஜோடி எருது பூட்டி இழுத்தாங்க. அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல சாட்டனூகான்னு ஒரு ஊர். அங்க ஒர்க்ஷாப் வெச்சிருந்த எர்னஸ்ட் ஹோம்ஸ், 1916-ல ஓடைக்குள்ள விழுந்த ஒரு காரை ஆளுங்களையும் கயித்தையும் வெச்சு மேல எடுக்கப் பெரும்பாடு பட்டார். அந்தக் கஷ்டத்துக்கு அப்புறம்தான் பழைய கார் மேல தூக்கியும் சங்கிலியும் பொருத்தி, உலகத்தோட முதல் இழுவை வண்டிகள்ல ஒண்ணைச் செஞ்சார். அந்த ஊர்ல இன்னைக்கு இழுவை வண்டிக்குன்னே ஒரு அருங்காட்சியகம் இருக்கு.

நம்ம நாட்டுல 1989-ல வந்த சாலை விதிகள் இதுக்குத் தெளிவா வரையறை கொடுத்தது. ரெண்டு வண்டிக்கும் நடுவுல இடைவெளி 5 மீட்டருக்கு மேல கூடாது. வேகம் மணிக்கு 24 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கயிறு மத்தவங்க கண்ணுக்குத் தெரியணும். இழுக்கப்படுற வண்டியில லைசென்ஸ் உள்ள ஆள் ஸ்டியரிங் பிடிச்சு உக்காந்திருக்கணும். பின்னால வெள்ளையில கறுப்பு எழுத்துல 'இழுத்துச் செல்லப்படுகிறது'ங்கிற அர்த்தத்துல பலகை மாட்டணும். இதுல எத்தனை நாம பார்த்திருக்கோம்? கேணிக் கயித்தைக் கட்டிக்கிட்டு, ராத்திரி நேரத்துல, லைட்டு இல்லாம போறதைத்தான் பார்த்திருக்கோம். நடுவுல கயிறு இருக்கிறது தெரியாம ரெண்டு வண்டிக்கும் ஊடால புகுற மோட்டார் சைக்கிள்காரர் நிலைமையை நினைச்சுப் பாருங்க.

இப்போதைய காருக்கு இன்னும் சில விசயம் சேர்ந்திருக்கு. இன்ஜின் ஓடலைன்னா பிரேக்குக்கு உதவி செய்யற பூஸ்டர் வேலை செய்யாது. ஒண்ணு ரெண்டு மிதி மிதிச்சதும் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். சாவியை எடுத்துட்டா ஸ்டியரிங் பூட்டிக்கும். அதனால சாவியைத் திருப்பி ஆன்ல வெச்சு, முன் வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே பலமா மிதிக்கத் தயாரா இருக்கிற ஆள்தான் அந்த ஸ்டியரிங்ல உக்காரணும். சின்னப் பையனை உக்கார வெக்கிற வேலை அது இல்ல. கயித்தைப் பம்பர்லயோ அச்சுலயோ கட்டாதீங்க. டூல்ஸ் பையில ஒரு வளையம் இருக்கும், அதை அதுக்குன்னு இருக்கிற ஓட்டையில திருகிக் கட்டணும். இழுக்கிறப்போ கயித்துக்குப் பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது. விறைச்ச கயிறு அறுந்தா சாட்டையடிதான், கொக்கியோட பறந்து வந்தா அதுவும் இல்ல, குண்டு.

டிராக்டர் வெச்சு இழுக்கிறவங்களுக்குத் தனியாச் சொல்றேன். கீழ இருக்கிற இழுவைக் கொக்கியிலதான் கட்டணும். இழுக்கிற இடம் தாழ்வா இருக்கே, மேல கட்டினா நல்லா இழுக்கும்னு பின் அச்சுக்கு மேல கட்டினா, சிக்கின வண்டி நகராதப்போ டிராக்டரோட மூக்கு தூக்கிக்கும். கண் மூடித் திறக்கிறதுக்குள்ள அது ஓட்டுறவர் மேலயே மல்லாந்துடும்.

பிடிச்சு வைக்கிற கதை

மாட்டு வண்டியில யாரும் இடுப்பைக் கட்டிக்கலை. தேவையும் இல்ல. நடக்கிற வேகத்துல போற வண்டியில இருந்து விழுந்தா, எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டு ஏறிக்கலாம். நம்ம உடம்புக்கும் அந்த வேகம்தான் பழக்கம். கார் வேகத்தை நம்ம ஆளுங்களுக்குக் கிணத்துக் கணக்குலதான் புரிய வெக்க முடியும். மணிக்கு 40 கி.மீ. வேகத்துல மோதுறது 20 அடி உயரத்துல இருந்து விழறதுக்குச் சமம். 60-ல மோதினா 46 அடி. 80-ல மோதினா 82 அடி. தண்ணியில்லாத 82 அடிக் கிணத்துக்குள்ள யாராச்சும் கையை ஊணிச் சமாளிச்சுக்கலாம்னு குதிப்பாங்களா? கார்ல அதைத்தான் சொல்றோம், "நான் டேஷ்போர்டைப் புடிச்சுக்குவேன்"னு.

உடம்பை ஒழுங்காக் கட்டி வெச்சா எவ்வளவு தாங்கும்னு தன்னையே வெச்சுப் பார்த்தவர் ஜான் பால் ஸ்டாப், அமெரிக்க விமானப் படை டாக்டர். 1954 டிசம்பர் 10-ம் தேதி, தண்டவாளத்துல ஓடுற ராக்கெட் சறுக்கு வண்டியில தன்னை வாரால இறுக்கிக் கட்டிக்கிட்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகத்துல போய், 1.4 நொடியில நின்னார். கண்ணுல ரத்தம் கட்டி, கொஞ்ச நேரம் பார்வையே இல்லாம இருந்து, பிழைச்சு வந்தார். விமானத்துல சாகிற வீரர்களை விடக் கார்ல சாகிற வீரர்கள் அதிகம்னு அவருக்குத் தெரியும். அதனால காருக்குப் பெல்ட் வேணும்னு ஊர் ஊராப் பேசினார்.

அப்போ இருந்த பெல்ட்டு பெரும்பாலும் இடுப்புல மட்டும்தான். மோதினா உடம்பு மடிஞ்சு தலை அடிபடும், வயித்துக்குள்ள கிழியும். ஸ்வீடன்ல விமானத்துக்குத் தூக்கியெறியும் இருக்கை செஞ்சுக்கிட்டிருந்த நில்ஸ் போலின், 1958-ல வால்வோ கம்பெனிக்கு வந்தார். அடுத்த வருசமே இப்போ நாம போடுற மூணு முனை பெல்ட்டைக் கொடுத்தார். தோள்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, ரெண்டும் சேர்ற பக்கிள் வயித்து மேல இல்லாம இடுப்போரம். மார்பு எலும்பும் இடுப்பு எலும்பும்தான் அடியைத் தாங்கணும், வயிறு தாங்கக் கூடாதுங்கிறதுதான் யோசனை. ஒத்தக் கையால மாட்டலாம். இந்தக் காப்புரிமையை வால்வோ எல்லாக் கம்பெனிக்கும் திறந்து விட்டது. 1970-ல ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலம், போட்டே ஆகணும்னு உலகத்துலயே முதல்ல சட்டம் போட்டது.

நம்ம நாட்டுல 1994-ல இருந்து புதுக் காரோட முன் சீட்டுக்குப் பெல்ட் கட்டாயம் ஆச்சு, பின் சீட்டுக்கு அப்புறம் வந்தது. 2019 சட்டத் திருத்தத்துல போடாதவங்களுக்கு 1,000 ரூபாய் அபராதம். ஆனா நம்ம வழக்கத்துல அது போலீஸுக்காகப் போடுற மாலைதான். என் தங்கச்சி பையன் ஒரு நாள் கேட்டான், "மாமா, பின் சீட்டுக்கு எதுக்குங்க? முன்னாடி மெத்து மெத்துன்னு சீட்டு இருக்குல்ல?" 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிராவுல பால்கர் மாவட்டத்துல நடந்ததைச் சொன்னேன். டாடா குழுமத்தோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த விலையுயர்ந்த கார் ஆத்துப் பாலத்துல மோதுச்சு. பின் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் இறந்தாங்க, பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னது. முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் காயத்தோட பிழைச்சாங்க. அது மட்டும் இல்லடா, நீ பின்னால சும்மா உக்காந்திருந்தா, மோதுறப்போ உன் அறுபது கிலோவும் முன்னால இருக்கிற உங்க அம்மா முதுகுலதான் போய் விழும்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவன் கேக்கலை.

ஏர்பேக் இருக்கேன்னு சிலர் சொல்றாங்க. ஸ்டியரிங் நடுவுல 'எஸ்ஆர்எஸ்'னு எழுதியிருக்கும் பாருங்க. அதுல முதல் எழுத்துக்கு அர்த்தம் 'துணை'. பெல்ட்தான் மூத்தது, பை துணைக்கு வர்றது. பெல்ட் இல்லாம முன்னால சாயிற உடம்பை அந்தப் பை வேகமா விரிஞ்சு அடிச்சா, அதனாலயே சேதம். கத்துற அலாரத்தை நிறுத்தறதுக்குன்னே ஒரு கிளிப் வித்தாங்க. 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனா ஏற்கெனவே வாங்கினது நம்ம வண்டியிலதான் குத்தி நிக்குது.

கடைசியா மடியில வெச்சுக்கிற குழந்தை. 40 கி.மீ. வேகத்துல போற கார் மோதி பத்துல ஒரு நொடியில நின்னா, 10 கிலோ குழந்தை அந்தக் கணத்துல 110 கிலோவுக்கு மேல இழுக்கும், அதாவது ஒரு குவிண்டாலுக்கும் மேல. நெல் மூட்டை தூக்கின கையா இருந்தாலும் அதைப் பிடிக்க முடியாது. தாய்ப் பாசத்துல குறை இல்லீங்க, கணக்கு அப்படி. குழந்தைக்குன்னு தனி இருக்கை வாங்குறவங்களைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அந்தக் காசு பொங்கலுக்குப் பட்டாசு வாங்குற காசை விட ஒண்ணும் வீண் இல்ல.

ஆடி, தை மாசம் வந்தா நம்ம பக்கத்துல கோயிலுக்குப் போற வண்டிதான் எங்க பாத்தாலும். நாலு வழிச் சாலையில ஒரு குடும்பமே ஒரே கார்ல போகும். கிளம்பறதுக்கு முன்னால பின் சீட்டைத் தூக்கிப் பாருங்க. புது சீட் கவர் தைக்கிறப்போ பல பேர் பக்கிளை அடியில தள்ளி மேல மூடித் தெச்சுடறாங்க. ஒரு பிளேடு எடுத்து அந்த இடத்துல கவரைக் கிழிச்சு, பக்கிளை மேல இழுத்து விட்டுட்டுக் கிளம்புங்க. கவர் கிழிஞ்சா இருநூறு ரூபாய்தான்.