மூளையின் வரைபடம் வேலூருக்கு வந்த கதை

மனித மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. பார்ப்பது, பேசுவது, நடப்பது, நினைப்பது எல்லாமே அதன் வேலைதான். ஆனால் எந்த வேலை எந்தப் பகுதியில் நடக்கிறது என்பது நெடுங்காலமாகத் தெரியாமலே இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளே!

நோயாளிகள் காட்டிய வழி

1861-ல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பார்த்தார். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து "டான்" என்ற ஒரே ஒலிதான் வந்தது. அவர் இறந்த பின் மூளையைச் சோதித்தபோது இடது முன்மடலில் ஓர் இடம் சிதைந்திருந்தது. பேச்சை உருவாக்கும் இடம் அதுவே எனத் தெரிந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் அதற்குப் பின்னால், இடது பொட்டு மடலில் இருப்பதைக் காட்டினார்.

பகுதிகளும் வேலைகளும்

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்பவரை எடுத்துக்கொள்வோம். மலை உச்சியில் தீபத்தைக் காண்பது தலையின் பின்புறமுள்ள பிடரி மடல். மணியோசையைக் கேட்பது காதை ஒட்டிய பொட்டு மடல். காலில் கல் குத்துவதை உணர்வது உச்சி மடல். "இன்னும் நடக்கலாமா, உட்காரலாமா" என்று முடிவெடுப்பதும், காலை நகர்த்தக் கட்டளையிடுவதும் முன்மடல். தடுமாறாமல் நடக்க வைப்பது சிறுமூளை. மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிப்பது முகுளம். போன வருடம் வந்ததை நினைவில் பதித்தது பொட்டு மடலுக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ்.

மான்ட்ரியலில் இருந்து வேலூர்

கனடாவின் மான்ட்ரியலில் 1934-ல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கிய வில்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதனால் தலையின் மேற்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசைந்தது; வேறோரிடத்தைத் தொட்டால் பேச்சு நின்றது. உதடு, நாக்கு, கைவிரல்களுக்கு மூளையில் மிகப் பெரிய இடம் இருப்பதும் தெரிந்தது. அந்த வரைபடம் இருந்ததால்தான் பேச்சையும் கையையும் காப்பாற்றிக்கொண்டு நோயுள்ள பகுதியை மட்டும் வெட்ட முடிந்தது.

அந்த பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர் கோட்டயத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை அவர் தொடங்கினார். அப்போது வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல்தான். அதாவது, உலகின் மிகப் புதிய மருத்துவ அறிவு சுமார் 80 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டது! 1952-ல் சாண்டி வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்தார். 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இதே துறையைத் தொடங்கினார்.

இன்றைய வரைபடம்

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருநிலைக் குழந்தைகளின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, "தரணி" என்ற பெயரில் உலகுக்கே இலவசமாக வெளியிட்டது. ஒரு காலத்தில் வெளிநாடு சென்று கற்று வந்த வரைபடத்தைத் தமிழ்நாடு இன்று தானே வரைகிறது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதும், பேய் பிடித்ததென்று சொல்வதும் இன்னும் சில இடங்களில் உண்டு. வலிப்பு என்பது மூளையின் ஏதோ ஓர் இடத்தில் மின்னோட்டம் தறிகெட்டு ஓடுவதுதான். அந்த இடம் எது என்று தேடத் தெரிந்த மருத்துவர்கள் இந்த மண்ணுக்கு வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நோயாளியை அவர்களிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.