ஏ, பி, சி - மூன்று எழுத்துகள் வந்த வழி

மருத்துவம், நர்சிங், பாராமெடிக்கல் என்று எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அவசர சிகிச்சை வகுப்பில் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போடுவது மூன்று எழுத்துகளைத்தான். ஏ, பி, சி. ஏர்வே, பிரீதிங், சர்க்குலேஷன். அதாவது மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஆனால் இந்த மூன்று எழுத்துகளும் ஒன்றாக வந்து சேர்வதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆனது என்பதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை (சிலபஸில் இல்லை, அதனால்!).

கதை ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. ஊர் முழுக்கக் கால்வாய்கள். இரவில் கால் தவறி விழுந்து சாகிறவர்கள் ஏராளம். 1767ல் அங்கே நீரில் மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். உடம்பைச் சூடாக்கு, வாயில் காற்று ஊது என்றெல்லாம் அவர்கள் சொன்னது சரிதான். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்து! சிரிக்க வேண்டாம். 1774ல் லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிய சங்கமும் (பிற்காலத்தில் ராயல் ஹ்யூமேன் சொசைட்டி) இதே வழியைச் சொன்னது. தேம்ஸ் நதிக்கரையில் இதற்கான கருவிகளைத் தயாராக வைத்திருந்தார்கள். 1811ல் பெஞ்சமின் பிராடி புகையிலைச் சத்து இதயத்துக்கு விஷம் என்று விலங்குகளில் சோதித்துக் காட்டிய பிறகுதான் இந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது.

வேடிக்கை என்னவென்றால் சரியான வழி அதற்கு முன்பே கையில் இருந்தது. 1732ல் ஸ்காட்லாந்தில் வில்லியம் டோசாக் என்ற அறுவை மருத்துவர், சுரங்கப் புகையில் மூச்சு நின்றுபோன ஒரு தொழிலாளியின் வாயோடு வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைத்தார். 1744ல் அதை எழுதியும் வெளியிட்டார். ஆனாலும் அது நிலைக்கவில்லை. ஒருவர் வெளிவிட்ட காற்று கெட்ட காற்று, அது இன்னொருவரைப் பிழைக்க வைக்குமா என்ற சந்தேகம் ஒரு பக்கம். அடுத்தவர் வாயில் வாய் வைப்பதா என்ற அருவருப்பு இன்னொரு பக்கம். அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் உடம்பைப் பிசைகிற முறைகளே கோலோச்சின. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது சில்வெஸ்டர் முறை. குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குவது ஷேஃபர் முறை. முதுகை அமுக்கிக் கைகளையும் தூக்குவது ஹோல்கர் நீல்சன் முறை. உலகம் முழுக்க முதலுதவிப் புத்தகங்களில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். இவற்றில் பெரும்பாலான நேரம் நுரையீரலுக்குள் காற்று சரியாகப் போகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அதைத் தெரிய வைத்தவர்கள் இரண்டு மயக்க மருந்து நிபுணர்கள். முதலாமவர் ஜேம்ஸ் ஈலம். 1946ல் மினியாபொலிஸில் போலியோ நோயாளிகள் வார்டில், நீலம் பாரித்துப்போன ஒரு குழந்தையைப் பார்த்ததும் யோசிக்க நேரமில்லாமல் மூக்கின் வழியாக ஊதினார். குழந்தையின் நிறம் திரும்பியது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளிவிடும் காற்றிலும் 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஓர் உயிரைத் தாங்க அது போதும். ஈலம் இதை 1954ல் அளந்து நிரூபித்தார். ஆனாலும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

1956ல் ஒரு மாநாடு முடிந்து காரில் திரும்பும்போது ஈலம் இதையெல்லாம் சக பயணி ஒருவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சக பயணிதான் பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போனவர், அப்போது பால்டிமோரில் வேலை. ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த சோதனையை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. தன்னார்வலர்களுக்கு மயக்க மருந்தும் தசைகளை முடக்கும் மருந்தும் கொடுத்து மூச்சை நிறுத்தினார். பிறகு சாதாரண மக்களைக் கூப்பிட்டு அவர்களுக்கு மூச்சு கொடுக்கச் சொன்னார். பழைய அமுக்கும் முறைகளும் வாயோடு வாய் முறையும் நேருக்கு நேர் மோதின. வாயோடு வாய் முறை சுலபமாக ஜெயித்தது.

சஃபார் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் இன்னும் முக்கியம். நினைவிழந்தவர் மல்லாந்து கிடக்கும்போது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தினால் வழி திறக்கிறது. அவ்வளவுதான். கருவி வேண்டாம், மருந்து வேண்டாம். இதுதான் 'ஏ'. மேலே சொன்ன ஊதுதல் 'பி'.

'சி' வந்தது ஒரு எஞ்சினியரிடமிருந்து! வில்லியம் கோவன்ஹோவன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர். மின்கம்பங்களில் வேலை செய்பவர்கள் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்க இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1958ல் நாய்களில் சோதனை நடந்தபோது, அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர் ஒன்றைக் கவனித்தார். மின் தகடுகளை மார்பில் அழுத்தி வைத்த உடனே, மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, ரத்த அழுத்தம் ஏறுகிறது. தகட்டின் கனம்தான் காரணம். அப்படியென்றால் கையால் அமுக்கினால்? அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் இதை மனிதர்களிடம் கொண்டுபோனார். அதுவரை இதயம் நின்றால் மார்பைக் கத்தியால் கிழித்து, உள்ளே கைவிட்டு இதயத்தைப் பிடித்துப் பிசைய வேண்டும். 1960ல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்ததாகச் சொன்னார்கள். 70 சதவீதம்! இந்தக் கணக்கை எச்சரிக்கையாகவே படிக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் நின்றது ஆஸ்பத்திரிக்குள், டாக்டர்கள் சுற்றி நிற்கும்போது. தெருவில் விழுந்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

அதே 1960ல் மேரிலாந்தில் நடந்த ஒரு மருத்துவக் கூட்டத்தில் மூச்சு கொடுப்பதும் மார்பை அமுக்குவதும் ஒரே முறையாக இணைந்தன. ஏ, பி, சி என்று வரிசைப்படுத்திப் பரப்பியவர் சஃபார். மக்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பொம்மையும் அதே வருஷம் வந்துவிட்டது. நார்வேயில் பொம்மை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் செய்தது. அவருடைய மகனே சின்ன வயதில் நீரில் மூழ்கித் தப்பியவன்.

சரி, முறை தெரிந்துவிட்டது. தெருவில் விழுந்தவரிடம் அதைக் கொண்டுபோவது யார்?

1960களின் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்றால் என்ன என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். பாதிக்குப் பாதி ஆம்புலன்ஸ்களை நடத்தியவர்கள் இறுதிச் சடங்கு நிறுவனத்தார். ஆளை நீட்டிப் படுக்க வைக்கிற வண்டி அவர்களிடம்தான் இருந்தது! பல நகரங்களில் போலீஸ் வேன். நோயாளியைப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார்கள். பின்னால் இருப்பவர் உயிரோடு போய்ச் சேர்ந்தால் சரி. 1966ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் செத்ததாகச் சொன்னது.

அந்த 1966 சஃபாருக்கு மிகக் கொடிய வருஷம். அப்போது அவர் பிட்ஸ்பர்க்கில் இருந்தார். ஆஸ்துமா முற்றி அவருடைய சின்ன மகள் எலிசபெத் இறந்தாள். இதயமும் மூச்சும் திரும்பின, மூளை திரும்பவில்லை. உலகத்துக்கே உயிர்மீட்பு சொல்லிக் கொடுத்தவரின் வீட்டில் இது நடந்தது. அதன் பிறகு அவருடைய ஆராய்ச்சி முழுக்க மூளையைக் காப்பாற்றுவதை நோக்கித் திரும்பியது. அதே ஆண்டு நவம்பரில் அந்த நகரின் முன்னாள் மேயரும் மாநில முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ் பிரச்சாரக் கூட்டத்தில் மயங்கி விழுந்தார். போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பாமலே சில வாரங்களில் இறந்தார்.

பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏழைப் பகுதி. போலீஸ் வேன் கூப்பிட்டால் வருமா என்பதே அங்கே சந்தேகம். 1967ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, ஃபால்க் மருத்துவ நிதியத்தின் ஃபில் ஹாலன், சஃபார் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆம்புலன்ஸ் சேவை தொடங்கினார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கிய கறுப்பின இளைஞர்களை எடுத்தார்கள். சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள், சிலர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். உடற்கூறியல், முதலுதவி, ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று ஏறத்தாழ 300 மணி நேரம் பாடம். வண்டியின் வடிவமைப்பையும் சஃபாரே பார்த்துக்கொண்டார். நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து மூச்சு கொடுக்க இடம் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இன்றைக்கும் ஆம்புலன்ஸில் அந்த இருக்கை இருக்கிறது.

1974ல் நான்சி கரோலின் என்ற இளம் மருத்துவர் இவர்களுக்குப் பொறுப்பாக வந்தார். ராத்திரி பகலாக வண்டியிலேயே கூடப் போனார். அமெரிக்கா முழுமைக்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை அவர் எழுதியது இந்த ஆட்களோடு வேலை செய்துகொண்டேதான். ஆனால் 1975 அக்டோபரில் நகராட்சி தன் சொந்த சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. புதிய சேவையில் சேர்ந்த பழைய ஆட்களுக்கு, அனுபவமே இல்லாத வெள்ளையர்கள் மேலதிகாரிகளானார்கள். பலர் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள். இவர்கள் வேலையை வைத்து எழுதிய பாடத்திட்டம் நாடெங்கும் போனது. இவர்கள் பெயர் பல பத்தாண்டுகள் அந்த நகரத்திலேயே பலருக்குத் தெரியாமல் இருந்தது. இதை வஞ்சகம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரிக்கு உள்ளே நிலைமை மட்டும் வாழ்ந்ததா என்ன? 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் குடும்பத்தோடு ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்காவின் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூன்று பேருக்குப் பலத்த காயம். சாலையில் போன காரை நிறுத்திக் குழந்தைகளை அருகிலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கதவு பூட்டியிருந்தது. திறந்த பிறகு கிடைத்த சிகிச்சையைவிட வயலில் தான் வெறுங்கையோடு செய்ததே மேல் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி. 1978ல் நெப்ராஸ்காவில் முதல் வகுப்பு நடந்தது. ஏ, பி, சி-யோடு நரம்பு மண்டலத்துக்கு 'டி', உடையை நீக்கி உடம்பு முழுக்கப் பார்ப்பதற்கு 'இ'. எது முதலில் கொல்லுமோ அதை முதலில் கவனி என்பதே வரிசையின் தர்க்கம்.

அந்தத் தர்க்கமே வரிசையை மாற்றவும் செய்தது. போர்க்களத்தில் கை கால் சிதறியவர் மூச்சுப்பாதை அடைப்பதற்கு முன்பே ரத்தம் வடிந்து செத்துவிடுவார். எனவே அங்கே முதலில் ரத்தத்தை நிறுத்துகிறார்கள். 2010ல் அமெரிக்க இதய சங்கம் இதயம் நின்றவர்களுக்கு சி, ஏ, பி என்று மாற்றியது. திடீரென்று இதயம் நின்றால் ரத்தத்தில் சில நிமிடத்துக்கான ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதை ஓட வைப்பதுதான் அவசரம். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் அமுக்குவது தாமதமாகிறது. எனவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் என்று அமுக்கத் தொடங்கிவிட வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு மட்டும் கதை வேறு. அவருக்கு ஆக்சிஜன் தீர்ந்துபோய்த்தான் இதயம் நிற்கிறது. அதனால் பயிற்சி பெற்றவர்கள் அவருக்கு இன்றும் முதலில் மூச்சுதான் கொடுக்கிறார்கள், ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரையில் 1767ல் சொன்னது போலவே. புகையிலை மட்டும் இல்லை.