தாளும் திரையும்: பொழுதுபோக்கு ஏடுகளின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

கைத்தொழிலையும் விஞ்ஞானத்தையும் தமது ஓய்வு நேரத்தில் பயிலும் மக்களுக்கென வெளிவரும் ஏடுகள் இலக்கிய வரலாற்றில் இடம்பெறுவது அரிது. வானொலிப் பெட்டி அமைப்போர், சிறு நீராவி இயந்திரம் செய்வோர், தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்போர், கணனி கட்டுவோர் முதலியோர் படிக்கும் இவற்றைப் ‘பொழுதுபோக்கு ஏடுகள்’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுவதே வழக்கமாக இருந்துவருகின்றது. ஆயினும் பகல் முழுவதும் பிறருக்காக உழைத்த மனிதன், மாலையில் தன் விருப்பப்படி, தன் அறிவைக்கொண்டு, தனக்காக உழைக்க முற்பட்டபோது அவனுக்குத் துணைநின்றவை இவ்வேடுகளே. அவ்வகையில் இவை உழைக்கும் மக்களின் அறிவு வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

இன்று இவ்வேடுகள் பெருமளவுக்குத் தாளை விட்டுத் திரைக்கு வந்துவிட்டன. தாளிற் படிப்பது நல்லதா, திரையிற் படிப்பது நல்லதா என்ற விவாதமும் உடன் எழுந்துள்ளது. ஆனால் அவ்விவாதம் பெரும்பாலும் கண்ணின் இதம், தாளின் மணம், அலுமாரியில் இடம் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது. ஒருவரது ருசியைப் பற்றிய பிரச்சினையாக இதனைக் கொள்வது போதாது. ஏடு எந்த வடிவில் வந்தபோதிலும், அதன்மீது வாசகனுக்கு என்ன உரிமை இருந்தது என்ற வினாவை முன்வைத்து இவ்வரலாற்றை நோக்குவதே பயனுடையது.

1823ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலண்டனில் ‘மெக்கானிக்ஸ் மகசின்’ என்ற வார ஏடு தோன்றியது. விலை மூன்று பென்ஸ். தொழிலாளர்க்கென இயந்திர நுட்பங்களையும் இரசாயனச் செய்திகளையும் புதிய கண்டுபிடிப்புகளையும் படங்களுடன் வெளியிட்ட இவ்வேட்டினைத் தொடங்கியோர் இருவர். ஒருவர் ஜோசப் ரொபேட்சன். மற்றவர் தோமஸ் ஹொட்ஜ்ஸ்கின். இந்த ஹொட்ஜ்ஸ்கின், செல்வத்தைப் படைப்பது உழைப்பே எனவும் மூலதனம் கோரும் பங்கிற்கு நியாயமில்லை எனவும் 1825இல் நூலெழுதி, பிற்காலத்தில் கார்ல் மார்க்சினால் ‘மூலதனம்’ நூலில் எடுத்தாளப்பட்டவர். தொழிலாளருக்கான தொழில்நுட்ப ஏட்டின் தொட்டிலருகே சோஷலிசச் சிந்தனையாளர் ஒருவர் நின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வேட்டின் அழைப்பினால் அதே ஆண்டு இறுதியில் இலண்டன் தொழிலாளர் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. அது தொழிலாளரின் சொந்தப் பணத்தால் நடத்தப்பட வேண்டும், அவர்களாலேயே நிர்வகிக்கப்பட வேண்டும் என்பது ஹொட்ஜ்ஸ்கின், ரொபேட்சன் ஆகியோரின் கருத்து. செல்வந்தரின் நன்கொடையை நாடியோரின் கை மேலோங்கியது. அறிவைப் பெறுவது மட்டும் போதுமா, அறிவின் கருவிகளைத் தம் கையில் வைத்திருப்பதும் வேண்டுமா என்ற வினா இவ்வாறு தொடக்கத்திலேயே எழுந்தது.

அக்காலத்து இங்கிலாந்தில் செய்தித்தாள் ஒவ்வொன்றுக்கும் நான்கு பென்ஸ் முத்திரை வரி இருந்தது. 1815இல் இந்த அளவுக்கு உயர்த்தப்பட்ட இவ்வரி, 1819ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாட்டு நடப்பையும் அரசியலையும் விமர்சிக்கும் மலிவான ஏடுகளுக்கும் விரிக்கப்பட்டது. இயந்திரத்தைப் பற்றி எழுதும் ஏடு மூன்று பென்சுக்கு விற்கலாம். அவ்வியந்திரம் யாருக்குச் சொந்தம் என்று எழுதினால் முத்திரை வரி குறுக்கிடும். ‘அறிவின்மீதான வரிகள்’ என மக்கள் இவற்றை வெறுத்தனர். முத்திரை வரி ஒழிந்தது 1855இல். தாள் மீதான வரி ஒழிந்தது 1861இல். எளியோர் கைக்கு எட்டக்கூடிய அச்சேடு இயல்பாகக் கிடைத்த வரமன்று. சிறை சென்றும் தண்டம் செலுத்தியும் போராடியோர் பெற்றுத் தந்தது அது.

அவ்வாறு திறந்த வழியிலேதான் 1898இல் பேர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ ஏடு நடந்தது. அதன் புகழ்பெற்ற எழுத்தாளருள் ஒருவர் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயருடையவர். தாம் முன்னர் பணியாற்றிய இரயில்வேயின் முதலெழுத்துக்களையே அவர் பெயராக வைத்துக்கொண்டார். 1920கள் முதல் பல்லாண்டுகளாக, கையடக்கமான நீராவி எஞ்சினைக் கட்டும் முறையை வாரந்தோறும் பகுதி பகுதியாக, பக்கத்தில் நின்று பேசும் தோழனைப்போல அவர் எழுதினார். வாசகர் அதனைக் கடைசல் இயந்திரத்தின் அருகே விரித்துவைத்தனர், அளவுகளை ஓரத்திற் குறித்தனர், எண்ணெய் படிந்த பக்கங்களை நண்பருக்குக் கொடுத்தனர், ஆண்டு முடிவில் கட்டடம் செய்து பாதுகாத்தனர். ஐயங்களும் திருத்தங்களும் கடிதங்களாக வந்து அடுத்த இதழில் அச்சாயின. இவ்வாறு ஏடு என்பது ஒரு பொதுப் பட்டறையாயிற்று.

எனினும் அச்சுக் காலத்தைப் பொற்காலமெனப் பாடுவது தவறாகும். வானொலி ஏடுகளின் பிறப்பை நோக்கினால் இது விளங்கும். அமெரிக்காவில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் 1908இல் தொடங்கிய ‘மொடேர்ன் எலெக்ட்ரிக்ஸ்’, அவர் நடத்திய உதிரிப்பாகக் கம்பனியின் விலைப்பட்டியலிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’, 1911இல் மார்க்கோனி கம்பனியின் ஏடாகப் பிறந்து 1913இல் அப்பெயரைப் பெற்றது. இவை அறிவையும் பரப்பின, சரக்கையும் விற்றன. வாசகன் மாணவனாகவும் வாடிக்கையாளனாகவும் ஒருங்கே கருதப்பட்டான்.

ஆயினும் அச்சில் வந்த அறிவு கம்பனியின் எல்லைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. பூமியின் சுழற்சியோடு இணைந்து சுழலும் மூன்று நிலையங்களைக்கொண்டு உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்ற திட்டத்தை ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழிலேயே வெளியிட்டார். 1956 முதல் 2008இல் மறையும்வரை நம் நாட்டிலேயே வாழ்ந்த அவர், அக்கருத்துக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெறவில்லை. சில்லறை விலைக்கு யாரும் வாங்கக்கூடிய ஓர் ஏட்டின் வழியாக அது உலகின் பொதுச் சொத்தாயிற்று.

இப்பொதுமைக்கும் தனியுடைமைக்கும் இடையிலான முரண்பாடு கணனியின் வருகையோடு வெளிப்படையாக மோதியது. 1975 ஜனவரி ‘பொப்பியுலர் எலெக்ட்ரோனிக்ஸ்’ இதழின் அட்டையில் ‘அல்டேர் 8800’ என்ற, வீட்டிலேயே பூட்டக்கூடிய கணனியின் படம் வந்தது. அதைக் கண்டு உற்சாகமடைந்தோர் அவ்வாண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவில் ஒரு கழகம் அமைத்தனர். சுற்றுப்படங்களையும் நிரல்களையும் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். அதே அட்டையைக் கண்ட பில் கேட்ஸ், போல் அலன் ஆகிய இருவர் அக்கணனிக்குப் ‘பேசிக்’ மொழியை எழுதி விற்க முற்பட்டனர். 1976 பெப்ரவரியில் கேட்ஸ் பொழுதுபோக்காளருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, தம் நிரலைப் பணம் கொடாமற் படியெடுப்பது திருட்டு எனக் குற்றஞ்சாட்டினார். எழுதியவனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அன்று தொடங்கிய வாதம் ஊதியத்தோடு நிற்கவில்லை. வாங்கியவனுக்கு வாங்கிய பொருளின்மீது எவ்வளவு உரிமை உண்டு என்பதே அதன் உட்பொருளாயிற்று.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது சோவியத்து ஒன்றியத்தின் ‘ராதியோ’ ஏடு. 1986இல் அது ‘ராதியோ 86 ஆர்.கே.’ என்ற கணனியின் முழுச் சுற்றுப்படத்தையும் வெளியிட்டது. 29 சில்லுகளைக்கொண்ட அக்கணனிக்கு வேண்டிய நிரல்களும் எண் அட்டவணைகளாக அதே பக்கங்களில் அச்சாயின. வாசகர் அவற்றை ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டித் தம் கணனியில் ஏற்றினர். அக்கணனியின் அமைப்பில் மறைக்கப்பட்ட பகுதி எதுவும் இருக்கவில்லை. ஆனால் சில்லுகள் கடைகளிற் கிடைப்பது அரிதாயிருந்தது என்பதையும் மறைக்கலாகாது. வரைபடம் அனைவருக்கும் திறந்திருந்தும் பொருள் கிட்டாவிடில் அறிவு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இனித் திரைக்கு வருவோம். 1993இல் பி.டி.எஃப். என்ற வடிவம் அறிமுகமானது. அச்சுப் பக்கத்தை எழுத்தும் படமும் இடமாறாமல் அப்படியே கணனியிற் காட்டும் ஆற்றல் அதற்கு இருந்தது. 2008 டிசெம்பரில் கூகிள் நிறுவனம் ‘பொப்பியுலர் சயன்ஸ்’, ‘பொப்பியுலர் மெக்கானிக்ஸ்’ முதலிய ஏடுகளின் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகத் தேடிப் படிக்கக் கிடைக்கச் செய்தது. பழைய வானொலி ஏடுகளைத் தன்னார்வலர்கள் படமெடுத்துச் சேர்த்தனர். இதன் பயன் அளப்பரியது. முன்பு கப்பலில் வந்து, நகரத்து நூலகத்தில் மட்டும் கிடைத்த இதழ் இன்று கிளிநொச்சியிலோ ஹட்டனிலோ உள்ள மாணவியின் கைத்தொலைபேசியில் விரிகின்றது. ஐம்பது ஆண்டு இதழ்களுள் ஒரு சொல்லை நொடியிற் கண்டுபிடிக்கலாம். மங்கிய படத்தைப் பெருப்பித்து நோக்கலாம். இதனை வேண்டாமென்போர், நூலகமில்லாத ஊரில் வாழ்ந்தறியாதவர்.

ஆனால் இதே மாற்றத்தில் வேறொன்று மெல்ல மறைந்தது. அச்சேட்டை வாங்கியவன் அதனை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்யலாம். மருதானைப் பழைய புத்தகக் கடையில் ஒரு பழைய இதழை வாங்கும் மாணவன் எந்த வெளியீட்டாளரின் அனுமதியையும் கேட்பதில்லை. வாங்கிய நூலை மறுவிற்பனை செய்யும் உரிமையை அமெரிக்க உயர்நீதிமன்றமே 1908இல் உறுதிப்படுத்தியது. ஆனால் கணனிவழி வாங்கிய இசைக்கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ஒரு நிறுவனத்தின் வழக்கில், அவ்விற்பனை புதிய பிரதியெடுப்பதாகும், ஆகவே செல்லாது என அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் தீர்த்தது. மின்னேட்டுக்குப் பணம் செலுத்துவோர் பலர் ஏட்டை வாங்குவதில்லை, படிப்பதற்கான அனுமதியையே வாங்குகின்றனர். சொந்த வீட்டில் இருந்தவன் அறியாமலே குடக்கூலிக்கு வந்துவிட்டான்.

குடியிருப்பவனை வெளியேற்றவும் கூடும். 2009 யூலையில் அமேசன் நிறுவனம், விற்றவருக்கு உரிமையில்லை என்ற காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களை வாசகரின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. 2023 செப்டெம்பரில் அதே நிறுவனம் கிண்டிலுக்கான சஞ்சிகைச் சந்தாக்களை நிறுத்தியது. 1872இல் தோன்றிய ‘பொப்பியுலர் சயன்ஸ்’ 2021இல் தாளை முற்றாகக் கைவிட்டு மின்னேடாயிற்று. 2023 நவம்பரில் அம்மின்னேடும் நின்றது. 149 ஆண்டுகள் தாளில் வாழ்ந்த ஏடு திரையில் மூன்றாண்டும் நிறைவாக வாழவில்லை. செலவைக் குறைக்கத் திரைக்கு மாறிய முதலாளி, இலாபம் போதாதபோது திரையையும் அணைத்துவிடுவான் என்பதற்கு இது சான்று.

படிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. நாவலைக் கண்ணாற் படிக்கலாம். பொழுதுபோக்கு ஏட்டைக் கையாலும் படிக்க வேண்டும். விரித்த தாளிற் சுற்றுப்படம் முழுவதும் ஒரே பார்வையிற் படும். சிறு திரையில் அதைத் துண்டு துண்டாகவே காணலாம். பகுதியைப் பார்க்கும்போது முழுமை மறைகின்றது, முழுமையைப் பார்க்கும்போது எழுத்து மறைகின்றது. செய்முறை கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். தேடுவதற்குத் திரை சிறந்தது. மேசைமீது வைத்து வேலை செய்வதற்குத் தாள் சிறந்தது.

இதனால் தாள்தான் நிலையானது என்று முடிவுகட்டவும் இயலாது. 2022 மார்ச் மாதம் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கடதாசி கிட்டாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியூட்டப்பட்டதையும் மறக்கவில்லை. ஒரே பிரதியாக அங்கிருந்த சுவடிகள் மீளவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படமெடுத்து எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் இறக்கிக்கொள்ளவும் வைத்துள்ளது. எரிந்த அலுமாரி கற்பித்த பாடம் இது: பிரதிகள் பல இடங்களில், பலர் கையில் இருக்கும்போதே அறிவு பாதுகாப்புப் பெறுகின்றது. நிறுவனம் ஒன்றின் கணனியில் மட்டும் உள்ள ஏடும், ஒரே அலுமாரியில் மட்டும் உள்ள நூலும் ஒரே ஆபத்துக்கு உள்ளானவையே.

இவ்விரு வடிவங்களும் பகைமை கொள்ளவேண்டியதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. ‘மக்பை’ என்ற கணனிப் பொழுதுபோக்கு ஏடு 2012 மே மாதம் இங்கிலாந்தில் தன்னார்வலரால் இலவச பி.டி.எஃப். ஆகத் தொடங்கப்பட்டது. வாசகர் தாமே பணம் திரட்டி அதனை அச்சிலும் கொணர்ந்தனர். ராஸ்பெரி பை அறக்கட்டளை பின்னர் அதனை ஏற்று நடத்தியது. 2015 டிசெம்பர் இதழின் அட்டையில் ஒரு சிறு கணனியே இணைத்து வழங்கப்பட்டது. திரையிற் பிறந்த ஏடு தாளை நாடி வந்தது. அதன் கோப்பை இறக்கிப் பிரதியெடுத்து இலாப நோக்கின்றிப் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதி இருந்தது. வாசகனுக்கு அது உரியதாயிருந்தது என்பதே இங்கு முக்கியம்.

எனவே நமது கோரிக்கை தெளிவாக இருக்கவேண்டும். பாடசாலைகளும் பொது நூலகங்களும் மின்னேடுகளுக்குச் சந்தா செலுத்தும்போது, பூட்டுப் போடாத கோப்பாக அவை கையிற் கிடைக்கின்றனவா, சந்தா முடிந்தபின்னும் அவை நம்மிடம் எஞ்சுமா என்று கேட்கவேண்டும். பயன்மிக்க செய்முறைப் பக்கங்களை அச்சிட்டு விஞ்ஞானகூடத்தில் வைக்கவேண்டும். வீடுகளில் தூசு படிந்து கிடக்கும் பழைய விஞ்ஞான ஏடுகளை மாணவர் சேகரித்து, பதிப்புரிமை இடங்கொடுக்குமளவிற்குப் படமெடுத்துப் பாதுகாக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, செய்து பார்த்ததைத் தமிழில் எழுதவேண்டும். 1823இல் ஹொட்ஜ்ஸ்கின் எழுப்பிய வினாவுக்கு இன்னமும் விடை கிடைக்கவில்லை. தாளிலாயினும் திரையிலாயினும், உழைக்கும் மக்களின் அறிவு அவர்தம் கையிலேயே இருத்தல்வேண்டும் என்று நாம் வலியுறுத்துவதே அதற்குரிய விடையாகும்.