கொல்லிமலையும் ஒரு தெர்மாகோல் பெட்டியும்

போன மாசம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்ச நேரமா பார்த்து, கூடப் படிச்ச நாலு பேர் கொல்லிமலைக்கு வண்டியை விட்டோம். காரவள்ளியில் ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. ஐம்பதாவது வளைவில் ஒருத்தன் வாந்தி, அறுபதாவதில் இன்னொருத்தன். செம்மேட்டில் டீ குடிச்சு, சீக்குப்பாறையில் போய் உட்கார்ந்ததும் நாலு பேருமே ஒண்ணும் பேசாம வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

இஞ்சினியரிங் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நாங்க போட்ட திட்டம், இதே கொல்லிமலை உச்சியில் இருந்து ஒரு பலூனை 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புறது. பலூனுக்குக் கீழே ஒரு பாராசூட், அதுக்குக் கீழே ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள்ள கேமரா, ஜிபிஎஸ், வெப்பநிலை சென்சார், ஒரு ரேடியோ. 2017-ல் பக்கத்து கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டிப் பையன் ரிஃபாத் ஷாரூக்கோட 64 கிராம் கலாம்சாட் நாசா ராக்கெட்டில் ஏறிப் போயிட்டு வந்திருந்த நேரம். நமக்கு ராக்கெட் எல்லாம் வேணாம், பலூன் போதும்னு நினைச்சோம்.

மலை மேல இருந்து விட்டா பாதி தூரம் மிச்சம்னு ஒரு கணக்கு வேற. பிறகு உட்கார்ந்து நிஜமாவே கணக்குப் போட்டால், பலூன் விநாடிக்கு சுமார் 5 மீட்டர் ஏறும். கொல்லிமலை உயரம் ஆயிரத்து இருநூறு மீட்டர்னு வெச்சுக்கிட்டா மிச்சமாகிறது நாலே நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துக்காக எழுபது வளைவு :-)

அப்போ செம்மேட்டில் ஒரு மிளகு வியாபாரி அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னோம். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் தம்பி, மேல போனது திரும்பி வருமா?" "வரும்ணே, ஆனா எங்க வரும்னுதான் தெரியாது"ன்னோம். "அப்ப எடுக்குறவன் குடுக்கணும்ல?" அப்படின்னார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால நூறு வருஷ சரித்திரம் இருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது. இது அந்தக் கதை.

பலூனில் கருவியைக் கட்டி ஆளில்லாமல் அனுப்பும் பழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பிச்சது. மேலே போகப் போகக் குளிர் கூடிக்கிட்டே போகும்னுதான் எல்லாரும் நம்பினாங்க. பிரான்ஸில் தெஸரான் த போர் என்பவர் நூற்றுக்கணக்கான பலூன்களை அனுப்பிப் பார்த்துட்டு 1902-ல் ஒரு குண்டைப் போட்டார்: சுமார் 11 கிலோமீட்டருக்கு மேலே குளிர் கூடுவது நின்றுவிடுகிறது. ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று நாம் படிக்கும் அடுக்கு அப்படித்தான் சிக்கியது.

இந்தியாவில் இந்த வேலைக்காக வானிலைத் துறை 1914-ல் ஆக்ராவில் தனி ஆய்வகம் வைத்தது. அந்தக் காலத்தில் பலூனில் ரேடியோ கிடையாது. மீட்டியரோகிராப் என்று ஒரு சின்னக் கருவி. டைன்ஸ் என்ற ஆங்கிலேயர் செய்த மாடலில் ஒரு தபால்தலை அளவு உலோகத் தகட்டில் ஊசி முனை கீறிக்கொண்டே போகும். அழுத்தமும் வெப்பநிலையும் அந்தக் கீறலில்தான். பிறகு அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படிக்க வேண்டும். பலூன் வெடித்து, கருவி எங்கோ ஒரு வயலில் விழும். கூடவே ஒரு சீட்டு கட்டியிருக்கும்: கண்டெடுத்துத் தந்தால் சன்மானம். அவ்வளவுதான் அந்தக் காலத்து டேட்டா டிரான்ஸ்பர் டெக்னாலஜி! யாரோ ஒரு விவசாயி குனிந்து எடுத்து, 'இது என்ன சனியன்' என்று தூக்கி எறியாமல், அலைந்து கொண்டுபோய்க் கொடுத்தால்தான் விஞ்ஞானம். இல்லையென்றால் கீறலும் போச்சு, காசும் போச்சு.

இங்கேதான் நம்ம ஆள் ஒருத்தர் வர்றார். கே. ஆர். ராமநாதன். 1893-ல் பாலக்காடு கல்பாத்தியில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிப்பு, திருவனந்தபுரத்தில் வாத்தியார் வேலை, கல்கத்தாவில் சி. வி. ராமனோடு ஒளிச்சிதறல் ஆராய்ச்சி. (1923-லேயே பின்னால் 'ராமன் விளைவு' ஆன அந்த மங்கலான ஒளியை அவர் பார்த்துவிட்டார், ஏதோ பலவீனமான ஒளிர்வு என்று எண்ணிவிட்டார்கள். அது தனிக் கதை, தனி சோகம்.) 1925-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

அவர் செய்தது, ஆக்ரா பலூன் கணக்கையும் உலகத்தில் மற்ற இடங்களில் எடுத்த கணக்கையும் ஒன்றாகப் போட்டு, பூமத்திய ரேகையில் இருந்து துருவம் வரைக்கும் வானத்தை நெடுக்குவாட்டில் வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு படம். 1929-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்தப் படம் சொன்ன சேதி இன்னிக்கும் எனக்குப் புல்லரிப்புதான். வளிமண்டலத்தின் இந்த உயரங்களில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்துக்கு மேலே இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு தட்டையான வளையம் மாதிரி இருக்கிறது. கிட்டத்தட்ட மைனஸ் 88 டிகிரி செல்சியஸ்!

அதாவது மக்களே, நாமக்கல்லில் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது, நேர் மேலே பதினேழு கிலோமீட்டரில் ஐரோப்பாக்காரன் தலைக்கு மேல் இருப்பதைவிட முப்பது டிகிரி அதிகக் குளிர். கீழே சூடு அதிகம் என்பதால்தான் மேலே குளிர் அதிகம். சூடான ஈரக்காற்று வீரியமாக மேலே கிளம்பி, ஏற ஏற விரிந்து குளிர்ந்துகொண்டே போகிறது. ஐரோப்பாவில் 11 கிலோமீட்டரில் நின்றுவிடும் இந்த ஆட்டம் இங்கே 17 வரைக்கும் போகிறது. ராமநாதன் பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார், 1976-ல் பத்ம விபூஷண் வாங்கினார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவர் பெயரை நான் பார்த்ததே இல்லை.

அடுத்த கட்டம் காஸ்மிக் கதிர். 1912-ல் விக்டர் ஹெஸ் திறந்த கூடையில் தானே 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறிப்போய்க் கண்டுபிடித்தது. அதற்கு 'காஸ்மிக் கதிர்' என்று பெயர் வைத்த மில்லிகன், 1939-40 வாக்கில் நெஹர், பிக்கரிங் என்ற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இந்தியா வந்தார். பெங்களூர், ஆக்ரா, பெஷாவர் என மூன்று இடங்களில் பலூன் விட்டார்கள். ஏன் இந்தியா? பூமியின் காந்த நடுக்கோடு நம்ம தென்கோடியை ஒட்டிப் போகிறது. அங்கே பூமியின் காந்தப்புலம் ஒரு வடிகட்டி மாதிரி. ஆற்றல் குறைவான துகள்களைத் திருப்பி அனுப்பிவிடும், தாட்டியான துகள்கள் மட்டும்தான் உள்ளே வரும். தெற்கே பெங்களூரில் இருந்து வடக்கே பெஷாவர் வரை அளந்தால் வடிகட்டியின் சல்லடை அளவு தெரிந்துவிடும். முக்கியமான மாற்றம், இவர்கள் பலூனில் ரேடியோ இருந்தது. பெட்டி திரும்ப வராவிட்டாலும் சேதி வந்துவிடும். விவசாயி கையில் இருந்த விஞ்ஞானம் ஆன்டெனாவுக்கு மாறிய காலம் அது. (அந்த பிக்கரிங்தான் பிறகு ஜேபிஎல் தலைவரானார். 1958-ல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர்-1 அவர் காலத்தில்தான் போனது. பெங்களூரில் பலூன் விட்ட கை!)

அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஹோமி பாபா இருந்தார். ஐரோப்பாவில் யுத்தம், திரும்பிப் போக முடியவில்லை. 1945-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியதும் அவரும் பலூனில் இறங்கினார். முதலில் வானிலை ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டி விட்டார்கள். கருவியின் எடை கூடக் கூட ரப்பர் போதவில்லை, பெரிய பாலிதீன் பலூன் தேவைப்பட்டது. அங்கேதான் ராமநாதனின் மைனஸ் 88 முன்னால் வந்து நின்றது. மைனஸ் ஐம்பது சொச்சம் தாங்கும் வெளிநாட்டு பாலிதீன், நம்ம ஊர் வானத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் இந்த ஊர்க் குளிருக்கென்றே தனியாக பிலிம் தயாரித்து, பலூனையும் இங்கேயே ஒட்ட வேண்டி வந்தது. 1960-களின் கடைசியில் ஹைதராபாத்தில் நிரந்தரத் தளம் அமைந்தது. இதுவரை 500-க்கும் மேல் பலூன்கள் அங்கிருந்து போயிருக்கின்றன. 2005 ஏப்ரலில் போன ஒன்றின் கொள்ளளவு 26.7 மில்லியன் கன அடி, சுமை 459 கிலோ. 20 முதல் 41 கிலோமீட்டர் வரை காற்றைப் பிடித்து வந்தது. அதில் இருந்து மூன்று புது பாக்டீரியா இனங்கள் என்று 2009-ல் இஸ்ரோ அறிவித்தது. ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், இன்னொன்றுக்கு இஸ்ரோவின் பெயரே, மூன்றாவதுக்கு பிரெட் ஹாயில் பெயர்.

இதெல்லாம் தெரியாமத்தான் நாங்க தெர்மாகோல் வெட்டிக்கிட்டு இருந்தோம்.

எங்களுக்கும் அதே குளிர்தான் முதல் அடி. தெரிஞ்ச ஐஸ்கிரீம் ஏஜென்ட் மாமா ஒருத்தர் ப்ரீசரில் பெட்டியை வெச்சுப் பார்த்தோம். வெறும் மைனஸ் 18. ஒரு மணி நேரத்தில் சாதா பேட்டரி படுத்துருச்சு. மைனஸ் 40 தாங்குற லித்தியம் பேட்டரி வாங்கி, பெட்டிக்குள்ள அலுமினிய பேப்பர் ஒட்டினதும் சமாளிச்சது. ரெண்டாவது, ஜிபிஎஸ். பல மாட்யூல்கள் 18 கிலோமீட்டருக்கு மேல வேலை செய்யாது. ஏவுகணைக்குப் பயன்படுத்திடக் கூடாதுன்னு போட்ட பழைய கட்டுப்பாடு. நாங்க வாங்கினதும் அந்த ரகம்தான்னு வாங்கின பிறகுதான் தெரிஞ்சது.

மூணாவதுதான் பெரிசு. காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேல 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கில் இருந்து மேற்கே ஒரு காற்றாறு ஓடுது, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல. இதை 1958-ல் விளக்கி எழுதினவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். கீழே தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும், மேலே இது மேற்கே இழுக்கும். கொல்லிமலைக்கு நேர் மேற்கே ஈரோடு, அதைத் தாண்டி சத்தியமங்கலம் காடு, நீலகிரி. பெட்டியை எடுக்கப் போனா புலிதான் கொண்டாந்து குடுக்கணும். மேற்குக் காற்று அடிக்கிற மாசத்தில் விட்டா கிழக்கே நூத்தைம்பது சொச்சம் கிலோமீட்டரில் கடல். இதுக்கு நடுவில் சேலம், திருச்சி விமான நிலையங்கள், விமானப் போக்குவரத்து அனுமதி, ரேடியோ அலைவரிசை அனுமதி. நாலு கிலோவுக்குக் கீழே இருந்தா உலக விதிகளில் 'லைட்' ரகம்தான், ஆனாலும் யாராச்சும் கையெழுத்துப் போடணுமே. போடலை. கல்லூரியில் ஒரு மாசம் பேப்பர் மேசை மேசையா ஏறி இறங்குச்சு, செமஸ்டர் வந்துருச்சு, நாங்க அவசரமா ஒரு வெப்சைட் செஞ்சு குடுத்துட்டுப் பாஸ் பண்ணோம். இப்ப நாலு பேருமே பொட்டி தட்டுறோம்.

2021 பிப்ரவரி 7-ல் ராமேஸ்வரத்தில் மாணவர்கள் செஞ்ச நூறு குட்டி செயற்கைக்கோள்களை ஹீலியம் பலூனில் அனுப்பினாங்க. டிவியில் பார்த்துட்டு நாலு பேரும் போன்ல பேசிக்கிட்டோம். பொறாமைதான், வேறென்ன.

2022 டிசம்பரில் தெலங்கானா விகாராபாத் பக்கம் ஒரு கிராமத்து வயலில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய கூண்டு வந்து இறங்குச்சு. ஊரே கூடி வேற்றுக்கிரக வாகனம்னு பீதி. பார்த்தா, ஹைதராபாத் தளத்தில் இருந்து ஒரு ஸ்பெயின் கம்பெனிக்காக விட்ட சோதனைப் பலூன் சுமை. ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாம் வந்தும் கடைசியில் பெட்டி விழுறது யாரோ ஒருத்தர் வயல்லதான்.

எங்க பெட்டி இன்னும் வீட்டுப் பரண் மேல இருக்கு. ஊருக்குப் போனப்ப எடுத்துப் பார்த்தேன். மூடியில் மார்க்கர் பேனாவால எழுதினது அப்படியே இருக்கு: "இது வெடிகுண்டு அல்ல. மாணவர்களின் ஆராய்ச்சிக் கருவி. கண்டெடுப்பவர் தயவுசெய்து இந்த எண்ணுக்கு அழைக்கவும். சன்மானம் ரூ. 500." சும்மா அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா எடுத்து, "யாருப்பா வேணும்?"னாங்க.